என் நெஞ்சுக்கு சிக்னல் கிடைக்கவில்லை

இந்த ஜனவரி முதல் தேதி எங்கள் வீட்டில் ஒரு மகத்தான சபதம் எடுக்கப்பட்டது. தினமும் காலையில் நாற்பது நிமிடம் வேக நடை. சபதம் எடுத்தவள் என் மனைவி ஜெயப்ரியா. நடக்க வேண்டியவன் நான். இத்தனை வருஷ இல்லறத்தில் வேலைகளை நாங்கள் இப்படிச் சரிசமமாகப் பிரித்துக்கொள்வதுதான் வழக்கம்.

காரணம் டாக்டர். என் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறதாம். நடக்கும்போது நாடி நிமிடத்துக்கு நூற்றுப் பத்தைத் தாண்ட வேண்டும் என்றார். அவர் அதோடு நிறுத்திக்கொண்டிருப்பார். ஜெயப்ரியாதான், "கோச்சுரி எல்லாம் கூடாதுதானே டாக்டர்?" என்று எடுத்துக் கொடுத்தாள். இப்படிக் கேட்ட பிறகு எந்த டாக்டர் கூடும் என்பார்? கடைசியில் ஒரு பேரம் படிந்தது. திங்கள் முதல் சனி வரை ஒழுங்காக நடந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு கோச்சுரி. நடக்காவிட்டால் ஓட்ஸ்.

கோச்சுரி என்பது பருப்பு அடைத்த பூரி. தோலோடு வெட்டிப் போட்ட உருளைக்கிழங்குக் கறியும் இரண்டு ஜிலேபியும் பக்கவாத்தியம். கல்கத்தாவுக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. இந்த ஊரின் மழையையும் வேர்வையையும் நான் பொறுத்துக்கொள்வதே இதற்காகத்தான். வாரத்துக்கு நான்கு என்பது எனக்கு நேர்ந்த பெரிய அவமானம்.

நடக்கப் புறப்பட்ட முதல் நாளே நிதாயின் கோச்சுரிக் கடை குறுக்கே வந்தது. எங்கள் கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலிலிருந்து நூறு அடி. அவ்வளவு தூரம் நடந்த களைப்பில் பெஞ்சில் உட்கார்ந்தேன். வலது கையால் கோச்சுரியைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே, ஸ்மார்ட்வாட்ச் கட்டிய இடது கையை முன்னும் பின்னும் ஆட்டினேன். நாற்பது நிமிடத்தில் ஐயாயிரம் ஸ்டெப். பக்கத்தில் இருந்தவர் நான் கொசு விரட்டுகிறேன் என்று நினைத்து, எனக்காக நிதாயிடம் கொசுவர்த்தி கேட்டார். நல்ல மனிதர்.

பன்னிரண்டு நாள் இப்படித் தீவிரமாக உடற்பயிற்சி செய்தேன். எடை ஒரு கிலோ ஏறியது. பெங்களூரிலிருந்து என் மகள் தீப்தி கூப்பிட்டாள். வாட்ச் வாங்கி அனுப்பியவள் அவள்தான். என் கணக்கெல்லாம் அவள் ஃபோனுக்கும் போகும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"அப்பா, ஸ்டெப் ஐயாயிரம் காட்டுது. பல்ஸ் எழுபத்தெட்டு காட்டுது. நடந்து போனியா, பல்லக்குல போனியா?"

"வாட்ச் கொஞ்சம் லூசா இருக்கும்மா."

"அப்போ நெஞ்சுல கட்டிக்கோ. பெல்ட் அனுப்பறேன்."

மூன்றாம் நாள் பெல்ட் வந்துவிட்டது. கறுப்பு எலாஸ்டிக் பட்டை. உள்பக்கம் தோலில் ஒட்டுகிற ரப்பர். நடுவில் பொத்தான் மாதிரி ஒரு கருவி. அது இதயத் துடிப்பை எண்ணி, கம்பியில்லாமல் வாட்சுக்குச் சொல்லும். கையை ஆட்டி ஏமாற்றலாம். இதயத்தை எங்கே பிடித்து ஆட்டுவது?

ஆனால் நான் யார்? ரயில்வே சிக்னல் பிரிவில் சீனியர் இன்ஜினீயர். இரண்டு கருவிகளை ஒன்றோடொன்று பேச வைப்பதுதான் என் பிழைப்பு. பேச விடாமல் செய்வது அதைவிடச் சுலபம். இந்த வகை பெல்ட் ஒரே சமயத்தில் ஒரு கருவியோடுதான் ப்ளூடூத்தில் சேரும். சனிக்கிழமை சாயங்காலம் ஜெயப்ரியா கடைக்குப் போன நேரத்தில், என் பழைய ஃபோனைத் தேடி எடுத்து பெல்ட்டை அதோடு சேர்த்தேன். ஃபோனை அலமாரியில் ரூல் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அந்தப் புத்தகங்களை நானே இருபது வருஷமாகத் தொட்டதில்லை. இனி பெல்ட்டைக் கட்டியதும் பழைய ஃபோன் அதைப் பிடித்துக்கொள்ளும். வாட்ச் தேடிக்கொண்டே இருக்கும்.

ஞாயிறு காலை ஆறு மணி. வாட்ச் தேடியது.

"சேரலை ப்ரியா. கருவி பழுது," என்றேன், முகத்தில் முடிந்த அளவு வருத்தத்தோடு.

ஜெயப்ரியா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெல்ட்டோடு வந்த காகிதத்தைப் பிரித்தாள்.

"முதல்ல உள்ள இருக்கிற ரப்பரைத் தண்ணியில நனைக்கணுமாம்."

"நனைச்சாச்சு."

"எப்போ?"

"நேத்து."

"நேத்து நனைச்சது இன்னிக்கு ஈரமா இருக்குமா? சட்டையைக் கழட்டுங்க."

வெளியே பன்னிரண்டு டிகிரி. குழாய்த் தண்ணீரில் பெல்ட்டை முக்கி எடுத்து என் நெஞ்சில் வைத்தாள். நான் எழுப்பிய சத்தத்தில் மாடிப்படியில் இருந்த பூனை ஓடியது.

"சேர்ந்துதா?"

"தேடுது."

"லூசா இருந்தாலும் வராதாம்." இழுத்துக் கட்டினாள்.

"ப்ரியா, மூச்சு விட முடியலை."

"மூச்சைப் பத்தி இதுல ஒண்ணும் போடலை. பாட்டரி?"

பாட்டரியை மாற்றினோம். வாட்சை அணைத்து மறுபடி போட்டோம். வைஃபை பெட்டி பக்கத்தில் இருந்தால் தொந்தரவு வரலாம் என்று போட்டிருந்ததாம். என்னை பால்கனிக்குத் துரத்தினாள். இடுப்பில் வேட்டி, தலையில் குரங்குக் குல்லா, நடுவில் வெறும் உடம்பில் கறுப்புப் பட்டையோடு கார்டன் ரீச்சுக்குக் காட்சி கொடுத்தேன். எதிர் பால்கனியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த மிருணாள் தா பிரஷை வாயிலிருந்து எடுத்தார். ரயில்வே கமர்ஷியல் பிரிவில் இருக்கிறவர். 'தா' என்றால் இந்த ஊரில் அண்ணன். ஊருக்கே வைத்தியம் சொல்வார்.

"என்ன ஆச்சு ரமேஷ் தா?" என்று வங்காள மொழியில் கேட்டார்.

"நெஞ்சிலிருந்து சிக்னல் வரவில்லை," என்றேன்.

"கேஸ்," என்றார். "வெறும் வயிற்றில் ஓம வாட்டர் குடியுங்கள்."

ஜெயப்ரியா காகிதத்தின் கடைசி வரிக்கு வந்திருந்தாள்.

"இன்னொண்ணு போட்டிருக்கு. வேற ஃபோன்ல ஏற்கெனவே சேர்ந்திருந்தா வாட்ச்ல சேராதாம்." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "வேற எதிலயாவது சேர்த்தீங்களா?"

"உன் ஃபோன், என் ஃபோன் ரெண்டையும் அணைச்சாச்சே. வேற ஏது?"

அந்த நேரத்தில் என் நாடி நூற்று நாற்பதைத் தொட்டிருக்கும். நல்ல வேளை, பெல்ட் வேலை செய்யவில்லை.

அடுத்து என் திட்டத்தின் இரண்டாம் பாகம். ரயில்வேயில் கருவி பழுதானால் அழுதுகொண்டு உட்கார மாட்டோம். ஃபெயிலியர் மெமோ எழுதுவோம். சிக்னல் இல்லாவிட்டாலும் டிரைவர் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து வண்டியை விடுவோம். பேப்பர் அதாரிட்டி என்று பெயர்.

"அது மாதிரி, பெல்ட் சரியாகிற வரைக்கும் நான் எவ்வளவு நடந்தேன்னு நோட்டுல எழுதிடறேன்," என்றேன். "ரூல்ல இருக்கிறதுதான்."

ஜெயப்ரியா மறுப்பாள் என்று ஏழு விதமான பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் மறுக்கவில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"சரிதான். நோட்டு போட்டுக்கலாம்," என்றாள். "ஆனா ரூலை முழுசாச் சொல்லுங்க. சிக்னலும் போய், ஃபோனும் போய், ஒத்தை லைன்ல வண்டி விடணும்னா அப்பா என்ன செய்வார்?"

அவள் அப்பா செல்வராஜ் சாந்த்ராகாச்சியில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். பெண் பார்க்க வந்த என்னிடமே, அடுத்த ஸ்டேஷனிடம் வண்டிக்கு வழி கேட்கிற பிளாக் இன்ஸ்ட்ருமென்ட் பற்றிக் கேள்வி கேட்டவர்.

"என்ன செய்வார்?" என்றேன். எனக்கு பதில் தெரியும்.

"பொறுப்பான ஒரு ஆளை நியமிச்சு வண்டியோட கூடவே அனுப்புவார். பைலட். அவர் ஏறினாத்தான் வண்டி நகரும்." பால்கனிப் பக்கம் திரும்பினாள். "மிருணாள் தா, பௌதி எழுந்தாச்சா?"

மிருணாள் தாவின் மனைவியை நாங்கள் ஷிப்ரா பௌதி, அதாவது ஷிப்ரா அண்ணி, என்போம். பெண்கள் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் உடற்பயிற்சி டீச்சர். ரிடையர் ஆகி ஒரு வருஷம் ஆகிறது. விரட்ட ஆளில்லாமல் வாடிப்போயிருந்தார்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டினார். இழுத்துச் செருகிய சேலை, கான்வாஸ் ஷூ, கழுத்தில் விசில்.

"சொலுன், சொலுன்," என்றார். நடங்கள் என்று அர்த்தம். அடுத்த நாற்பது நிமிடத்தில் அவர் பேசிய ஒரே சொல் அதுதான். நான் பேச முயன்ற சொற்கள் எதுவும் வெளியே வரவில்லை. நின்றால் விசில். உட்கார்ந்தால் நீளமான விசில். போதாக்குறைக்கு, கடையைத் தாண்டும்போது நிதாய் கரண்டியைத் தூக்கிக் காட்டி, "தாதா, என்ன பன்னிரண்டு நாளா தினமும் வந்துட்டு இன்னிக்கு நிக்காம போறீங்க? இன்னிக்கும் ஆறுதானே?" என்று பாசமாகக் கூப்பிட்டான்.

பௌதி நோட்டில் அதையும் எழுதினார். நேரம் போட்டு எழுதினார்.

வியாழக்கிழமை என்னால் மாடிப்படி ஏற முடியவில்லை. ஆபீஸில் ஃபைல் கீழே விழுந்தால் அதைக் குனிந்து எடுப்பதில்லை என்று கொள்கை முடிவு எடுத்தேன். யோசித்துப் பார்த்தேன். பைலட் எதற்கு? கருவி பழுதானதால். கருவி சரியானால்? பைலட் வாபஸ். பெல்ட்டோடு தனியாக நடந்தால் பூங்கா பெஞ்சில் இரண்டு நிமிடமாவது உட்காரலாம். பெல்ட்டுக்கு விசில் கிடையாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலமாரியைத் திறந்து, ரூல் புத்தகங்களுக்குப் பின்னால் கை விட்டேன். பழைய ஃபோன் இருந்தது. உயிரோடு இருந்தது. சார்ஜ் நூறு சதவீதம்.

அந்த ஃபோன் ஒரு நாள் தாங்கினாலே அதிசயம். நான் ஒளித்துவைத்து ஆறு நாள் ஆகிறது.

"அடியில ஒரு ஒயர் வரும் பாருங்க," என்றாள் ஜெயப்ரியா பின்னாலிருந்து. "இழுத்துடாதீங்க."

சார்ஜர் ஒயர் அலமாரியின் பின்பலகை இடுக்கு வழியாக ப்ளக்குக்குப் போயிருந்தது. என் சிக்னல் பிரிவில் யாரும் அவ்வளவு சுத்தமாக ஒயர் போட்டு நான் பார்த்ததில்லை.

"உனக்கு எப்போ தெரியும்?"

"ஞாயித்துக்கிழமையே. ரூல் சொன்னேன்ல, சரியாத்தான் சொன்னேனான்னு புத்தகத்தை எடுத்தேன். பின்னாடி உங்க நெஞ்சு துடிச்சிட்டிருந்தது. வேற ஃபோன் உண்டான்னு நான் கேட்ட நேரத்துக்கு நூத்தி நாப்பத்தாறு போயிருக்கு."

"தெரிஞ்சும் சும்மா இருந்தியா?"

"சும்மா எங்கே இருந்தேன்? தினமும் சார்ஜ் போட்டேன். அந்த ஃபோன் செத்துப்போனா பெல்ட் வாட்ச்ல ஒட்டிக்கும். கருவி சரியாயிட்டா அப்புறம் பௌதி எதுக்கு வரப்போறாங்க?"

அதாவது நான் செய்த சதியை நானே மறந்துவிட்டேன். அவள் பராமரித்து வந்திருக்கிறாள்.

பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஃபோனை அணைத்தேன். பெல்ட் மூன்றே விநாடியில் வாட்சோடு சேர்ந்தது. இத்தனை ஒழுக்கமான கருவியை நான் பார்த்ததில்லை.

"இப்போ சரியாயிடுச்சு," என்றேன், இருந்த மிச்ச மரியாதையைத் திரட்டிக்கொண்டு. "பைலட்டை வாபஸ் வாங்கிடலாமே."

"ரிப்பேர் பண்ணின கருவியை அன்னிக்கே நம்பிடுவாங்களா? அப்பா விடவே மாட்டார். ஒரு மாசம் கண்காணிப்பு. பெல்ட்டும் இருக்கட்டும், பௌதியும் இருக்கட்டும். வீட்டுலயும் கழட்டாதீங்க."

சனிக்கிழமையும் நடந்தேன். பெல்ட், விசில் இரண்டுக்கும் நடுவில் நடந்தேன். ஆனால் நான் ஒன்றை மறக்கவில்லை. திங்கள் முதல் சனி வரை ஆறு நாள் நிஜமாகவே, வாழ்க்கையில் முதல் தடவையாக, நடந்திருக்கிறேன். ஞாயிறு காலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நின்றேன்.

"நாலு கோச்சுரி," என்றேன்.

"பன்னெண்டே வாங்கிட்டு வாங்க," என்றாள்.

கண் கலங்கிவிட்டது. இவளைப் போயா சந்தேகப்பட்டேன் என்று நினைத்துக்கொண்டே நிதாயின் கடைக்கு ஓடினேன். யாரும் விசில் அடிக்காமலே ஓடினேன். சுடச்சுடக் கோச்சுரியும் கறியும் ஜிலேபியும் வாங்கிக்கொண்டு திரும்பினால், சாப்பாட்டு மேஜையில் மிருணாள் தாவும் ஷிப்ரா பௌதியும் குளித்து முழுகி உட்கார்ந்திருந்தார்கள். தட்டு மூன்று இருந்தது. நான்காவது இடத்தில் ஒரு கிண்ணம். கிண்ணத்தில் ஓட்ஸ்.

"ப்ரியா, பேரம் என்ன?"

"உங்க பங்கைத்தான் பன்னெண்டு நாளும் முன்கூட்டியே சாப்பிட்டுட்டீங்களே. நோட்டுல இருக்கு. இது பைலட்டுக்கு."

பௌதி முதல் கோச்சுரியைப் பிய்த்தார். உள்ளேயிருந்து ஆவி வந்தது. பெருங்காய வாசனை வந்தது. மிருணாள் தா ஜிலேபியைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. ஜெயப்ரியா கறியில் தோய்த்து ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். நான் ஸ்பூனைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

என் மணிக்கட்டில் வாட்ச் அதிர்ந்தது. இன்றைக்கு என்று பார்த்து பெல்ட்டின் இணைப்பு பிரமாதமாக இருந்தது. ஜெயப்ரியா என் கையைத் திருப்பி, திரையைப் படித்தாள். அவள் முகத்தில் நிஜமான கவலை தெரிந்தது.

"உட்கார்ந்த இடத்துல நூத்தி இருபத்தொண்ணா? இந்த வயசுல இது ஆகாதுங்க. நாளையிலேருந்து காபியை நிறுத்திடுவோம்."