அடிபட்ட மானுக்கு ஒரு சட்டத்தரணி

வீதிச் சட்டத்தரணி என்ற இனத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். சட்டக் கல்லூரியின் படலையைக்கூட அவர் பார்த்ததில்லை. கறுப்புக் கோட்டுக்குப் பதிலாக முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய சாரம். கட்சிக்காரர் அவரைத் தேடி வருவதில்லை, அவர்தான் கட்சிக்காரரைத் தேடிப் போவார். இரண்டு சைக்கிள் முட்டிக்கொண்டால் போதும். விழுந்தவன் எழும்ப முன்னம், பார்த்தவன் "ஐயோ" என்று சொல்லி முடிக்க முன்னம், கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு குரல் வரும்: "ஒருத்தரும் ஒண்டிலையும் கை வைக்கப்படாது!"

அதுதான் அவர்.

காயத்துக்கு மருந்து இருக்கிறதோ இல்லையோ, அவரிடம் அதற்கொரு பிரிவு இருக்கும். பிரிவுக்குள் உபபிரிவு இருக்கும். உபபிரிவுக்குள் அவருடைய மச்சானுக்கு நடந்த வழக்கு இருக்கும். இவ்வளவு சட்டத்தையும் எங்கே படித்தார்? ஆடு களவுபோன வழக்கொன்றில் சாட்சி சொல்லப் போனவர், கடைசிவரை யாரும் கூப்பிடாமல் நீதிமன்ற வாங்கில் சில தவணைகள் உட்கார்ந்திருந்தார். போதாதா?

முசலிப் பக்கத்துக்கு வாய்த்தவர் வலன்ரைன். தொழில் மீன்பிடி, சட்டம் சேவை. "தெரியாது" என்ற சொல் அவருடைய வாயிலிருந்து ஒருநாளும் வெளிவந்ததில்லை, ஊரில் அவருக்கிருந்த மரியாதை முழுவதும் அந்த ஒன்றில்தான் நின்றது. கல்யாணப் பூசையில் பாதர், "பெற்றிசியாவை மனைவியாக ஏற்றுக்கொள்ளுகிறீரா?" என்று கேட்டபோது, "ஓம் பாதர், என்ரை உரிமைகளுக்குப் பாதகமில்லாமல்" என்று பதில் சொன்னவர். பெற்றிசியா அந்த இடத்திலேயே திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் கோயில் நிறையச் சனம், சோறும் அவிந்துவிட்டது.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைக் காலை. பெற்றிசியாவின் இரண்டு காப்பையும் அடகுக்கடையில் விழுங்கிப் பிறந்த புது வலையைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, வலன்ரைன் முள்ளிக்குளம் வீதியால் வந்துகொண்டிருந்தார். முன்னே ஒரு கூட்டம். அவருடைய கால்கள் தாமாகவே வேகமாய் மிதித்தன.

மீன் ஏற்றிக்கொண்டு போன நிறோஜனின் 'பட்டா' என்ற சிறு லொறிக்குக் குறுக்கே காட்டிலிருந்து ஒரு கொம்பன் மான் பாய்ந்திருக்கிறது. வாகனத்துக்கு லைற் உடைந்துவிட்டது. மான் வீதியில் நீட்டிக் கிடந்தது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த மீன் வியாபாரி றினாசும் நின்றுவிட்டான்.

"வாங்கோ அண்ணை, நீங்களே சொல்லுங்கோ," என்றான் நிறோஜன். "நான் அதை அடிக்கேல்லை. அதுதான் வந்து என்னை அடிச்சது. லைற்றும் போச்சுது. இறைச்சியையாவது வீட்டை கொண்டுபோகலாம்தானே?"

"முதல்லை தள்ளி நில்லு. தொட்டால் அது வேட்டை."

"உயிர் இருக்கோ எண்டாவது பாப்பம்."

"பாக்கப்படாது!"

"பாக்காமல் செத்துட்டுதெண்டு எப்பிடி அண்ணை தெரியும்?"

"செத்ததெண்டு சட்டம் எடுத்துக்கொள்ளும்."

கம்பீரமாகச் சொல்லிவிட்டார். ஆனால் இறைச்சியை எடுக்கலாமா, எடுக்கக்கூடாதா? ஆட்டு வழக்கில் மானைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லையே!

"செத்துட்டா எங்களுக்கு ஆகாதே அண்ணன்," என்றான் றினாஸ். "உசிரோட இருக்கக்குள்ள ஓதி அறுத்திருக்கணும்."

"அறுத்தால் கொலை, தம்பி. அறுக்காட்டி விபத்து. விபத்தெண்டால்தான் கதைக்க இடமிருக்கு."

"அப்ப முழுக்க எனக்கு," என்றான் நிறோஜன்.

"உனக்கு எப்பிடி? இண்டைக்கு வெள்ளி. தவக்காலத்திலை இறைச்சி தின்னப்போறியோ?"

"நாளைக்குத் தின்னுறன்."

"நாளைவரைக்கும் வைச்சிருந்தால் பதுக்கல்."

ஆக, சட்டத்துக்கு அந்த மான் தானாகச் செத்திருக்க வேண்டும். றினாசுக்கு அது சாக முன்னம் அறுபட்டிருக்க வேண்டும். நிறோஜனுக்கு அது நாளைக்கு வந்து அடிபட்டிருக்க வேண்டும். கூட்டம் வலன்ரைனின் வாயைப் பார்த்தது. "தெரியாது" நெஞ்சிலிருந்து தொண்டைக்கு ஏறி, நாக்கு நுனிக்கு வந்து, வெளியே எட்டிப் பார்த்தது. அவர் தலையைத் திருப்பினார். கரியரில் வலை.

முகம் விளக்குப் போலானது.

"வலையாலை தூக்குங்கோ!"

"என்ன?"

"வலையிலை வந்ததெண்டால் கடற்றொழில். அது வேறை திணைக்களம், வனசீவராசிக்காரன் வாய் திறக்கேலாது. வலையிலை வந்ததை வெள்ளிக்கிழமையும் தின்னலாம், கோயில் தடுக்காது. றினாஸ், மீனை நீங்கள் அறுத்தோ தின்னுறனீங்கள்?"

"இல்ல... மீனுக்கு அது தேவையில்லதான்."

"பிறகென்ன?"

றினாஸ் மோட்டார் சைக்கிளைப் பின்னுக்குத் தள்ளினான். "எங்கட மௌலவிட்ட நீங்களே வந்து ஒருக்காச் சொல்லுங்க அண்ணன். நான் தூரத்தில நிண்டு கேக்குறன்."

அரசாங்கம், கோயில், பள்ளிவாசல் மூன்றுக்கும் ஒரே வலையால் பதில் சொன்ன மனிதரை உலகம் கண்டதுண்டா? கூட்டத்தில் இரண்டுபேர் கை தட்டினார்கள். கை படாமல் மானை வலைக்குள் உருட்டி, ஐந்தாறு பேர் பிடித்துப் பட்டாவில் ஏற்றினார்கள். அதோடு விட்டாரா? "மீனெண்டால் ஐஸ் போடோணும், இல்லாட்டிச் சுகாதாரப் பகுதி வரும்!" மேலே ஐசையும் கொட்டுவித்தார்.

வந்தது சுகாதாரப் பகுதி அல்ல. வனசீவராசிகள் திணைக்களத்தின் ஜீப்.

"மொகக்த மே? என்ன வலையில?" என்று சிங்களமும் தமிழுமாகக் கேட்டபடி அதிகாரி இறங்கினார்.

"மீன், சேர்," என்றார் வலன்ரைன்.

"கொம்பு இருக்கு?"

"இது உங்கட திணைக்களத்துக்கு வராது, சேர்."

அதிகாரி எட்டிப் பார்த்தார். ஐஸ் அசைந்தது. உயிர் இருக்கிறதா என்று ஒருவரும் பார்க்காத மானைக் குளிர் தட்டி எழுப்பிவிட்டது. ஒரு உதறல்! ஐஸ் ஒரு பக்கம், விளைமீன் ஒரு பக்கம், நிறோஜன் ஒரு பக்கம். மான் வலையோடு வீதியைத் தாண்டி, காட்டு எல்லைக் கல்லைத் தாண்டி, அப்பால் நின்ற முட்பற்றையில் வலையை உரிஞ்சிப் போட்டுவிட்டுக் காட்டுக்குள் மறைந்தது.

அதிகாரி தொப்பியில் ஒட்டியிருந்த சூடை மீனை எடுத்து எறிந்தார். "அடிபட்டாலும் செத்தாலும் எடுக்க ஏலாது. எங்களுக்குத்தான் சொல்ல வேணும். சரி, மான் போச்சு. மான் புடிச்ச வலை அங்க இருக்கு." விரலை நீட்டினார். "யாருட வலை?"

நிறோஜன் வலன்ரைனைப் பார்த்தான். றினாஸ் பார்த்தான். கை தட்டிய இருவரும் பார்த்தார்கள். முட்பற்றையில் புது நீல வலை வெயிலில் மினுங்கியது. என்னுடையது என்றால் மான் வழக்கு. என்னுடையதல்ல என்றால் பெற்றிசியாவின் காப்புகள் ஜீப்பில் ஏறும். பிரிவு இல்லை. உபபிரிவு இல்லை. மச்சானும் இல்லை.

"தெரியாது, சேர்," என்றார் வலன்ரைன்.

வலை ஜீப்பில் போனது. அந்தச் சொல் அதைவிட வேகமாக ஊருக்குள் போனது. அவர் வெறுங்கரியரோடு வீட்டுக்கு வந்தபோது பெற்றிசியா படலையடியில் நின்றாள்.

"தெரியாதெண்டு சொன்னீங்களாம்?"

"அது... சட்டப்படி பாத்தால்..."

"சட்டம் கிடக்கட்டும். என்ரை காப்பு ரெண்டும் இப்ப எந்தத் திணைக்களத்திலையெண்டு தெரியுமோ?"

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? மான் வீதியில் விழுந்த இடத்திலேயே, "உண்மையில் சட்டம் என்னவென்றால்..." என்று உங்களுக்குள் ஒருவர் தொண்டையைச் செருமியது எனக்குக் கேட்டது. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் தீர்ப்பே சொல்லியிருப்பீர்கள். பரவாயில்லை. அடுத்தமுறை வீதியில் கூட்டத்தைக் கண்டு உங்கள் கால்கள் தாமாகவே வேகமாய் மிதிக்கத் தொடங்கினால், ஒருகணம் திரும்பிக் கரியரில் என்ன இருக்கிறதென்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.