வெறுந்தாளில் ஆறுக்கு ஆறு

முப்பது வருடத்துக்கு மேலாக மற்றவர்களின் கண்ணைப் பார்த்தே சோறு தின்றவள் நான். அப்படிப்பட்ட நான், என் முதுகுக்குப் பின்னால் தொங்கிய ஒரு தாளை ஒரேயொரு நாள் திரும்பிப் பார்க்காமல் விட்டேன். அதையும் யாருமில்லாத இடத்தில் செய்திருந்தால் பரவாயில்லை. நாட்டிலுள்ள கண் வைத்தியர்கள் முக்கால்வாசிப் பேர் கூடியிருந்த மகாநாட்டில், பட்டுச் சேலை உடுத்து, மைக்கையும் பிடித்துக்கொண்டு செய்தேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. கொழும்பில் ஒரு போதனா வைத்தியசாலையில், பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த கண் பிரிவில் பயிற்சி டொக்டர். பயிற்சியின் கடைசிக் கட்டத்துக்கு இங்கிலாந்து போகவேண்டும். அதற்கு எங்கள் பேராசிரியர் ஒரு சிபாரிசுக் கடிதம் தரவேண்டும். எங்கள் பிரிவுக்கு அந்த வருடம்தான் மகாநாட்டின் பெரிய மேடையில் முதன்முதலாக இடம் கிடைத்திருந்தது. அதில் என் ஆய்வுக் கட்டுரை நன்றாகப் போனால் கடிதம், போகாவிட்டால் பிறகு பார்ப்போம் என்று அவர் சொல்லிவிட்டார். (அம்மா அதற்குள் நான் லண்டன் போகிற செய்தியை வெள்ளவத்தைச் சந்தை மரக்கறிக்காரர் வரை பரப்பி, கம்பளிச் சட்டை பின்னவும் தொடங்கியிருந்தார். சித்திரை வெயிலில் அதைப் போட்டு அளவு பார்த்த பாவி நான்.)

பேராசிரியரை நாங்கள் சேர் என்றுதான் சொல்லுவோம். சிங்களவர், கைராசிக்காரர், நல்ல மனிதர். ஆனால் ஒப்பரேசன் செய்த நோயாளி பார்வைச் சோதனையில் ஒன்றைப் பிழையாகச் சொல்லிவிட்டால், அந்தக் குற்றம் நோயாளியுடையதுமல்ல, ஒப்பரேசன் செய்த அவருடையதுமல்ல. பக்கத்தில் கார்டும் பேனையுமாக நிற்கிற என்னுடையது. "மொகக்த மே?" என்று, இது என்ன என்பதைச் சிங்களத்தில் கேட்டுத் தொடங்குவார். பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, என் படிப்பு, என் பள்ளிக்கூடம், என் கையெழுத்து என்று ஒன்றையும் மிச்சம் வைக்கமாட்டார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கார்டை நிரப்புவேன். எங்கள் பிரிவில் மை கரைந்த கார்டுகள் எல்லாம் நான் எழுதியவை.

பார்வையைச் சோதிக்க நாங்கள் வைத்திருந்தது E சார்ட். ஆங்கிலம் தெரியாதவர்களுக்கான சார்ட் அது. அதில் E என்ற ஒரே எழுத்துத்தான் வரிவரியாகச் சிறுத்துக்கொண்டு போகும். ஒன்று வலப்பக்கம் பார்க்கும், ஒன்று மேலே, ஒன்று கீழே. நோயாளி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, அந்த எழுத்தின் மூன்று கால்களும் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று மூன்று விரலால் காட்டவேண்டும். கடைசி வரி வரை காட்டிவிட்டால் ஆறுக்கு ஆறு. குறையில்லாத பார்வை என்று அர்த்தம்.

சோதிக்கும்போது நோயாளிக்கும் சார்ட்டுக்கும் இடையே இருபதடி வேண்டும். எங்கள் அறை பத்தடி. ஆகவே சார்ட்டை வெளியே நடைபாதையின் கடைசியில் மாட்டியிருந்தேன். (ஆணி அடித்ததும் நான்தான்.) அதே நடைபாதையில்தான் நோயாளிகள் காத்திருக்கும் நீளப் பெஞ்சும் கிடந்தது. காலை ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்தால் பத்து மணிக்குத்தான் முறை வரும். அந்த மூன்று மணித்தியாலமும் அவர்களுக்குப் பார்ப்பதற்கு என் சார்ட்டை விட்டால் வேறொன்றும் இல்லை. இது என் மூளைக்கு எட்டவேயில்லை.

கண்புரை ஒப்பரேசனுக்குப் பிறகு பார்வை எத்தனை வாரத்தில் திரும்புகிறது என்பதுதான் என் ஆய்வு. முதல் மாதம் முடிவுகள் சுமாராக வந்தன. இரண்டாம் மாதத்திலிருந்து ஒவ்வொருவராக ஆறுக்கு ஆறு வரத் தொடங்கினார்கள். மூன்றாம் மாதம், கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த ஒரு தாத்தாவும் ஆறுக்கு ஆறு. புத்தியுள்ள எவருக்கும் அந்த இடத்தில் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வந்தது பெருமை. சொட்டு மருந்து விடுவது எப்படி என்று நான் நோயாளிகளுக்குக் கொடுத்த தெளிவான விளக்கமே இந்த அபார வெற்றிக்குக் காரணம் என்று கட்டுரையில் ஒரு பந்தி எழுதினேன். சேரும் ஏசுவதை நிறுத்திவிட்டார்.

அந்த நாட்களில் பெஞ்சில் ஒரு விசித்திரம் நடந்தது. பெஞ்சின் நடுவில் கொட்டாஞ்சேனை பிலோமினா அன்ரி இருப்பார். அறுபத்தைந்து வயது, துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவரின் மனைவி, தன் தெருவில் ஜெபமாலைக் கூட்டம் நடத்துகிறவர். அவர் மெல்லிய குரலில் ஏதோ சொல்ல, இரண்டு பக்கமும் இருப்பவர்கள் திருப்பிச் சொல்லி, மூன்று விரலை இப்படியும் அப்படியும் அசைப்பார்கள். கத்தோலிக்கரிடையே ஏதோ புது ஜெபம் வந்திருக்கிறது என்று நினைத்தேன். பிற சமயத்தவரின் வழிபாட்டைக் குழப்பக்கூடாது என்று பெருந்தன்மையோடு சுவரோரமாக நடந்து போனேன். தொப்பி போட்ட தெஹிவளை ஹாஜியாரும் அதே ஜெபத்தை அதே விரலால் செய்தபோதாவது நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

மகாநாடு காலிமுகத்திடல் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில். வெறும் கட்டுரை வாசித்தால் போதுமென்றுதான் சேர் சொன்னார். எனக்குத்தான் ஆசை அடங்கவில்லை. ஒரு நோயாளியை மேடைக்கே கூட்டிவந்து எல்லோர் முன்னாலும் சோதித்துக் காட்டுவோம் என்றேன். யாரைக் கூட்டிவருவது என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. வாரம் தவறாமல் ஆறுக்கு ஆறு காட்டுகிறவர் பிலோமினா அன்ரி. கேட்டபோது அவர் கொஞ்சம் தயங்கினார்.

"அங்க இதே சார்ட்தானா மகள்?" என்றார்.

"ஓம் அன்ரி, இதையேதான் கழட்டிக்கொண்டு வாறன்."

"அப்ப வாறேன்."

மகாநாட்டன்று நான் சார்ட்டைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, அம்மாவின் கல்யாணக் கூறையில் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறினேன். (கூறை வேண்டாம் என்று சொல்லத்தான் செய்தேன். "லண்டன்காரரும் வருவினம், உன்ர வழமையான நைலெக்ஸ் சேலையோட போய் நிக்கப்போறியோ?" என்று அம்மா வாயை அடைத்துவிட்டார்.) அன்ரி நீலச் சட்டையும், முத்துத் தோடும், பவுடருமாகக் கொட்டாஞ்சேனையிலிருந்து முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார்.

எனக்கு முன்னால் பேசியவர் சிலைட் காட்டிக்கொண்டிருந்ததால் மண்டபம் இருட்டாக இருந்தது. அந்த இருட்டில்தான் மேடையின் ஒரு பக்கத்தில் சார்ட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். பஸ்ஸில் சுருண்டிருந்த தாள் விரிய மறுத்தது. ஒரு மூலையை இழுத்தால் மறு மூலை சுருண்டது. கடைசியில் நாலு மூலைக்கும் கிளிப் போட்டு அடக்கிவிட்டு, எதிர்ப்பக்கத்தில் இருபதடி தள்ளிப் போட்ட கதிரையில் அன்ரியை இருத்திவிட்டு, நடுவிலிருந்த மைக்குக்கு ஓடினேன். விளக்குகள் எரிந்தன. எனக்கு முன்னால் சபை, வலது கைப்பக்கம் அன்ரி, அவர் பக்கம் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் சார்ட்.

கட்டுரை பிரமாதமாகப் போனது. வீட்டில் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நாற்பது தரம் வாசித்துப் பழகியதல்லவா? முன்வரிசையில் சேர் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கடிதம் கண்ணில் தெரிந்தது. "இப்போது எங்கள் நோயாளி ஒருவரை நீங்களே பாருங்கள்" என்று கையை நீட்டினேன்.

அன்ரி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மூன்று விரலை எடுத்தார். வலம். மேல். கீழ். இடம். அந்தச் சார்ட்டை ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குக் காட்டிக்காட்டி எனக்கே அது பாடம். அதனால் நான் சார்ட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்ரியின் விரல்களை மட்டும் பார்த்து, ஒவ்வொரு வரிக்கும் "சரி", "சரி" என்று மைக்கில் சொல்லிக்கொண்டு போனேன். சபையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வியப்பு என்று எடுத்துக்கொண்டேன். யாரோ இருமினார்கள். கடைசி வரியில் அன்ரி ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. நான் இரண்டு கையையும் விரித்து, "ஆறுக்கு ஆறு!" என்றேன்.

ஒருவரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு வயதான கண் சத்திரசிகிச்சை நிபுணர் எழுந்தார். யாழ்ப்பாணத்தவர், எல்லாருக்கும் மூத்தவர்.

"பிள்ளை, ஒருக்கால் பின்னால திரும்பிப் பாரும்" என்றார் தமிழில்.

திரும்பினேன். சார்ட்டை மறுவளமாக மாட்டியிருந்தேன். எழுத்துகள் எல்லாம் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அன்ரியையும் சபையையும் பார்த்துத் தொங்கியது வெள்ளைத் தாள். ஒரு புள்ளிகூட இல்லாத, பால் வெள்ளைத் தாள்.

மயங்கி விழலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். ஆனால் டொக்டர்கள் நிறைந்த மண்டபத்தில் மயங்கினால் எழுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெரியவர் மேடைக்கே ஏறிவந்து மைக்கை என்னிடமிருந்து வாங்கி, அன்ரிக்குப் பக்கத்தில் போனார்.

"அம்மா, அந்தத் தாளில உங்களுக்கு என்ன தெரியுது?"

"வெள்ளையாத் தெரியுது ஐயா. இந்தக் கண்ணுக்கு எப்பவும் அப்பிடித்தானே."

"அப்ப இந்தக் கையைக் காட்டினது?"

"அதுவா? அது பாடம் ஐயா."

"ஆர் சொல்லித் தந்தது?"

"நான்தான் மத்தவங்களுக்குச் சொல்லிக்குடுத்தேன்" என்றார் அன்ரி, கொஞ்சம் பெருமையோடு. "பெஞ்சில எல்லாருக்கும் இப்ப நல்லா வரும்."

"ஏனம்மா அப்பிடி?"

அன்ரி என்னைப் பார்த்தார். பிறகு முன்வரிசையைப் பார்த்தார். "நாங்க பிழையாக் காட்டினா அந்தப் பெரிய டொக்டர் இந்தப் பிள்ளைக்கு ஏசுறாரு ஐயா. பாவம், அழுது அழுது எழுதுது. அதான் எல்லாரும் சேர்ந்து பாடமாக்கினோம். இப்ப ஏசுறதே இல்ல."

தமிழ் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். அந்தப் பெரியவர் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் என்று, ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதன் பிறகு மண்டபம் முழுதும் சிரித்தது. (பின்வரிசையில் ஒருவர் கதிரையிலிருந்து சரிந்து விழுந்து சிரித்தார். களுபோவில வைத்தியசாலையில் வேலை செய்த இளம் டொக்டர். மூன்று வருடம் கழித்து அவரையே கட்டினேன். ஆள் யாரென்று தெரிந்துதான் கட்டினேன்.) சிரிக்காதவர்கள் மூன்று பேர். நான், சேர், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்காத பிலோமினா அன்ரி.

சேர் எழுந்து மகாநாட்டுக்காரரைத் தேடிப் போனார். கட்டுரையை மகாநாட்டு மலரில் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியேறினார். கடிதம் அவருடைய காரில் ஏறிப் போய்விட்டது என்று எனக்கு விளங்கியது. வீட்டுக்கு வந்தபோது அம்மா கம்பளிச் சட்டையின் இரண்டாவது கையைப் பின்னிக்கொண்டிருந்தார். "எப்பிடிப் போச்சுது?" என்றார். "எல்லாரும் சிரிச்ச முகமா இருந்தவை அம்மா" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை சேர் புதுச் சார்ட் ஒன்றோடு வந்தார். பழைய நோயாளிகள் எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டு, ஒவ்வொருவராகத் தானே சோதித்தார். பாதிப்பேருக்குப் பார்வை உண்மையிலேயே நல்லது. மற்றவர்களில் சிலருக்குக் கண்ணாடி மாற்றவேண்டியிருந்தது. பிலோமினா அன்ரி முதல் வரியிலேயே நின்றுவிட்டார். ஒப்பரேசன் செய்த கண்ணுக்குள் மெல்லிய படலம் ஒன்று திரும்பவும் படர்ந்திருந்தது. சின்னச் சிகிச்சையில் சரிசெய்யக்கூடிய விஷயம். கண்ணை ஒழுங்காகப் பார்த்திருந்தால் எப்போதோ பிடித்திருப்பேன். ஆறுக்கு ஆறு காட்டுகிற கண்ணை எதற்கு மினக்கெட்டுப் பார்ப்பது என்று விட்டிருந்தேன்.

"ஏன் அன்ரி என்னட்டச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொன்னா உங்களுக்குத்தானே ஏசுவாரு மகள். எனக்கு எப்படியும் மத்தக் கண் இருக்குத்தானே."

மேடையில் வராத அழுகை எனக்கு அந்த நடைபாதையில் வந்தது. வெட்கம் பாதி, அந்த அன்பைத் தாங்கமுடியாதது பாதி. நாலு மாதமாக ஒரு மனுசி எனக்காக மங்கல் கண்ணோடு வந்து போயிருக்கிறார். நான் அவர் விரலைப் பார்த்துக் கார்டு எழுதியிருக்கிறேன். சேர் பக்கத்தில்தான் நின்றார். நான் அழுவதைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், பெஞ்சு முழுவதும் அவரை முறைத்துப் பார்ப்பதையும் பார்த்தார். அன்றிலிருந்து ஏசுவதென்றால் என்னை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு ஏசினார்.

கடிதம் ஒரு வருடம் பிந்தி வந்தது. ஆய்வை முதலிலிருந்து திரும்பச் செய்யவைத்த பிறகுதான் தந்தார். என் உழைப்பையும் நேர்மையையும் பற்றி மூன்று வரி எழுதியிருந்தார். நாலாவது வரி இது: "இவருடைய நோயாளிகள் இவருக்காக எதையும் செய்வார்கள், ஆகவே இவர் கொண்டுவரும் முடிவுகளைத் தயவுசெய்து இரண்டு தரம் சரிபார்க்கவும்." அந்தக் கடிதத்தோடுதான் லண்டன் போனேன். அங்கே உண்மையாகவே இரண்டு தரம் சரிபார்த்தார்கள்.

என் கணவர் அந்தக் கடிதத்தின் பிரதியைச் சட்டம் போட்டுச் சாப்பாட்டு அறையில் மாட்டி வைத்திருக்கிறார். பிள்ளைகள் அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். எனக்குச் சமையல் அவ்வளவாக வராது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் எதையாவது புதிதாகச் செய்து மேசையில் வைத்து, "எப்பிடி இருக்கு?" என்று ஆவலோடு கேட்பேன். கணவரும் இரண்டு பிள்ளைகளும், இப்போது மருமகனும் சேர்ந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மூன்று விரலைத் தூக்கி, வலம், மேல், கீழ், இடம் என்று கடைசி வரி வரை காட்டுவார்கள். நான் சட்டியைத் திரும்ப அடுப்பில் ஏற்றுவேன்.