காற்றுக்கு ஒரு வடிகட்டி

காற்றை அடக்கியவர்கள் உலகில் இரண்டே பேர். ஒருவர் மூச்சடக்கிய யோகி. மற்றவர் போர்ட் பிளேரில் எங்கள் 'தீவுப் படகுப் பாதுகாப்புப் பிரிவின்' தலைவர் சிவஞானம். யோகியை நான் பார்த்ததில்லை. தலைவருக்கு நான்தான் உதவியாளன்.

எங்கள் படகுத்துறையில் காற்றின் வேகத்தை அளக்கும் ஒரு காற்றுமானி உண்டு. அதன் கிண்ணங்கள் கனமானவை, நிதானம் தெரிந்தவை. குப்பென்று வீசும் காற்றுக்கு அவை வேகமெடுப்பதற்குள் காற்று ஓய்ந்துவிடும். ஆகவே அலுவலகக் கணினித் திரையில் என்றும் இளந்தென்றல். போட்டுகள் ஒருநாளும் நின்றதில்லை. பயணிகள் வாந்தி எடுத்தார்கள். அது சுகாதாரத் துறையின் விவகாரம்.

லம்பா லைனிலிருந்து வரும் இளம் பொறியாளர் சங்கவி இதில் கைவைத்தார். கிண்ணங்களின் சோம்பலைக் கணக்கிட்டு, அவை தவறவிட்ட வேகத்தை மீட்டுத் தரும் 'டிஜிட்டல் ஃபில்டர்' ஒன்றை எழுதிக் கணினியில் சேர்த்தார். மறுநாள் திரை சிவந்தது. போட் ரத்து. அதற்கடுத்த நாளும் ரத்து.

அவசரக் கூட்டம் கூடியது. சமோசா வந்தது.

"என்னம்மா இது? ஃபில்டர்னா வடிகட்டணும். நீ கூட்டிட்டில்ல இருக்கே?" என்றார் தலைவர்.

"கூட்டலை சார். மானி தப்பவிட்டதைத் திருப்பிக் கொடுக்குது. நெஜமாவே அடிச்ச காத்துதான் அது."

"அரே, போன காத்தை எதுக்கும்மா திருப்பிக் கூப்பிடறே?"

இந்த ஞானத்தின் பேரில், நாள் முழுவதும் வீசிய காற்றைச் சராசரியாக்கும் இரண்டாவது ஃபில்டர் ஒன்றை எழுதச் சொல்லித் தலைவர் கட்டளையிட்டார். எழுத முடியாது என்றார் சங்கவி. அவருடைய நேர்மையைப் பாராட்டி, தீவுகளின் வடகோடியிலுள்ள திக்லிபூருக்கு மாற்றினோம். ஃபில்டரை வேறொருவர் எழுதினார். கடல் அமைதியடைந்தது, திரையில்.

அடுத்த வாரம் தென்னைகள் தலைவிரித்து ஆடின. மனைவி மெஹர்பானுவோடு துறைக்கு வந்த மளிகைக்கடை காதர் பாய் என்னிடம் வந்து தயங்கினார்.

"பாபுஜி, இந்த தூஃபான் காத்துல போட் போகுமா?"

"திரையைப் பாருங்க பாய். பச்சை."

"திரை ரூமுக்குள்ள இருக்கு. நான் வெளியே நிக்கிறேனே."

ஆனாலும் அரசாங்கத்தை நம்பி ஏறினார். துறைமுக வாயைத் தாண்டியதும் ஒரு வீச்சில் போட் சாய்ந்தது. பாய் பெஞ்சிலிருந்து தூக்கி எறியப்பட்டார். மாலுமி எப்படியோ போட்டைத் திருப்பிக் கரை சேர்த்தார். எல்லோரும் பிழைத்தார்கள். பாயின் கால் மட்டும் இரண்டாக முறிந்தது.

தலைவர் ஆரஞ்சுப் பழங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் போனேன்.

"காத்துதான் சார் தூக்கி அடிச்சிச்சு," என்று முனகினார் பாய்.

தலைவர் கனிவோடு சொன்னார்: "எங்க கணக்குல அன்னிக்குக் காத்தே இல்லையே பாய். அதான் விசாரணை வெச்சிருக்கோம். காத்தில்லாத கடல்ல போட்டை ஆட்டினது யாரு?"

கட்டிலருகே நின்ற மெஹர்பானு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நீங்கதான்."