தேவாங்கு தேர்ந்தெடுத்த கருவி

ஒரு காட்டில் மரத்துக்கு மரம் கேபிள் ஓடியது. குரங்குகள் அதில் வீடியோ பார்த்தன, நரி ஆன்லைனில் மனு வாங்கியது, சிங்கம் தன் கர்ஜனையைக்கூட நேரலையில்தான் விட்டது. இத்தனைக்கும் காவல் ஒரே ஒரு தேவாங்கு. பெயர் மென்னடையான். எந்தக் கேபிள் எந்தப் பொந்துக்குப் போகிறது என்பது அதற்கு மட்டுமே தெரியும். எங்காவது அறுந்தால் குரங்கு வந்து திட்டும். தேவாங்கு மெல்ல நடந்துபோய் ஒட்டிவிட்டு வரும். காட்டின் கண்காணிப்பும் ஆவணமும் அவ்வளவுதான்.

ஒருநாள் சிங்கம் கூப்பிட்டனுப்பியது.

"பக்கத்துக் காட்டுப் புலி வெள்ளிக்கிழமை வருது. அவன் நெட்வொர்க்கைக் கண்காணிக்கக் கருவி வெச்சிருக்கானாம். எந்த ஒயர் எங்க போகுதுன்னு எழுதிவைக்கவும் கருவி வெச்சிருக்கானாம். நம்மகிட்ட என்ன இருக்கு?"

"நான் இருக்கேன், மகாராஜா."

"தேவாங்கு மாதிரி முழிக்காதே! வெள்ளிக்குள்ள கருவி வரணும். வரலேன்னா உன் வேலை என் மச்சான் கழுதைப்புலிக்கு."

தேவாங்கு வேறு எப்படி முழிக்கும், பாவம்? அது குடியிருந்த இலுப்பை மரமே அந்த வேலைக்காகக் கிடைத்ததுதான். வேலை போனால் மனைவியையும் இரண்டு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு எங்கே போவது?

கருவியாக இருக்க முதலில் ஆட்காட்டிக் குருவி வந்தது. "எது நடந்தாலும் கத்திச் சொல்லிடுவேன்" என்றது. சொன்ன சொல் தவறவில்லை. கேபிள் மேல் இலை விழுந்தது, கத்தியது. அணில் உட்கார்ந்தது, கத்தியது. அணில் எழுந்து போனது; அதற்கும் கத்தியது. மதியத்துக்குள் இருநூற்றுப் பதினோரு எச்சரிக்கை. தேவாங்கு காதில் பஞ்சை அடைத்துக்கொண்டது. இருநூற்றுப் பன்னிரண்டாவது எச்சரிக்கைதான் யானை வீட்டுக் கேபிள் அறுந்ததைச் சொன்னது. யானை நேரில் வந்து மரத்தை உலுக்கிய பிறகே அந்த விஷயம் தெரிந்தது.

அடுத்து மயில் வந்து தோகையை விரித்தது.

"ஒவ்வொரு கண்ணும் ஒரு இணைப்பு சார். பச்சையா இருந்தா நல்லா ஓடுதுன்னு அர்த்தம்."

"அறுந்தா சிவப்பாகுமா?"

"எங்க தோகையில சிவப்பே கிடையாது சார். பார்க்கிறவங்க மனசு கஷ்டப்படக் கூடாது பாருங்க."

சிங்கம் பார்த்தால் இதைத்தான் பிடிக்கும் என்று தேவாங்குக்குத் தெரியும். ஆனால் புலி விவரம் தெரிந்த ஆள். ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்தது கதை. மயிலையும் அனுப்பிவிட்டது.

ஆவணத்துக்கு ஒரு படிவம் அடித்து மரத்துக்கு மரம் கொடுத்தது. 'உங்கள் வீட்டுக் கேபிள் எங்கிருந்து வருகிறது?' என்ற கேள்விக்கு எல்லா விலங்குகளும் ஒரே பதிலை எழுதியிருந்தன: 'தேவாங்கைக் கேட்கவும்.' சரி, நாமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தது. மூன்றாவது மரத்திலேயே குழம்பிவிட்டது. நடந்தால் காலுக்கு வழி தெரிந்தது. எழுத உட்கார்ந்தால் கைக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை அத்திமரத்தடியில் அறுந்த கேபிளை ஒட்டப் போனது. அங்கே தோண்டியப்பன் என்ற பெருச்சாளி, வாயும் கேபிளுமாக அகப்பட்டது.

"அடப்பாவி! இத்தனை நாளா அறுத்தது நீதானா?"

"மன்னிச்சிருங்கண்ணே. பல்லு வளர்ந்துகிட்டே போகுது. எதையாவது கடிச்சே ஆகணும்."

ஆத்திரத்தோடு அதன் வளைக்குள் எட்டிப் பார்த்த தேவாங்கு அப்படியே நின்றுவிட்டது. சுவரெல்லாம் வரைபடம். எந்தக் கேபிள் எங்கே ஆரம்பித்து யார் வீட்டில் முடிகிறது, எத்தனை முழம், எங்கெங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது, எல்லாம் இருந்தது. ஒரு கோடு தப்பில்லை.

"எதுக்குடா இதெல்லாம்?"

"ஒரே இடத்துல கடிச்சா மாட்டிக்குவேன்ல? முறை வெச்சுக் கடிக்கணும்ண்ணே. நாளைக்குப் பத்து மணிக்கு நரி வீடு."

தேவாங்கு அதைக் கட்டிப்பிடித்து அழுதேவிட்டது. தன் வேலையைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் இதுதான் என்று அதற்கு உண்மையாகவே தோன்றியது.

வெள்ளிக்கிழமை வரைபடம் குகைச் சுவரில் ஏறியது. புலி கோடு கோடாகப் பார்த்துவிட்டு, "எங்க கருவி அறுந்த உடனே சொல்லிடும். உங்களுது?" என்று கேட்டது.

"அறுறதுக்கு முன்னாடியே சொல்லிடும்ங்க" என்றது தேவாங்கு. "பத்து மணிக்கு நரி வீடு."

பத்து மணிக்கு நரி ஊளையிட்டது. புலி எழுந்து நின்று கைதட்டியது. சிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே தோண்டியப்பனுக்கு ஆவண மற்றும் முன்னறிவிப்பு அலுவலர் என்று பதவி கிடைத்தது. தேவாங்குக்கு மரம் தங்கியது.

ஆனாலும் மனசு உறுத்தியது. ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டது. "ஏம்ப்பா, நீ கடிக்காம இருந்தா நெட்வொர்க் நல்லாத்தானே ஓடும்?"

"ஓடும்ண்ணே. அப்புறம் கருவி வேலை செய்யுதுன்னு சிங்கத்துக்கு எப்படித் தெரியும்?"



ஐப்பசியில் மகள் கல்யாணத்துக்கென்று பெருச்சாளி ஒரு வாரம் லீவு போட்டது. காடு முழுக்க இணைப்பு ஜோராக ஓடியது. நாலாம் நாள் மாலை ஆய்வுக் கூட்டத்தில் சிங்கம் உறுமியது.

"நாலு நாளா எதுவுமே அறுந்து போகலையே. கருவி கெட்டுப்போச்சா? மச்சானைக் கூப்பிடட்டுமா?"

"இல்லை மகாராஜா! நாலேகாலுக்கு யானை வீடு போகப்போகுது."

வாயில் வந்ததைச் சொல்லியாயிற்று. அப்போது மணி நாலு பத்து. வெளியே வந்த தேவாங்கு இலுப்பை மரத்தை அண்ணாந்து பார்த்தது. குட்டிகள் இரண்டும் கிளையைக் கட்டிக்கொண்டு தூங்கின. வாழ்நாளில் முதல் தடவையாக மென்னடையான் ஓடியது. தானே நாலு தடவை ஒட்டிய இடத்தைத் தேடிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு கடித்தது.

நாலேகாலுக்கு யானை பிளிறியது. சிங்கம் திருப்தியாகத் தலையாட்டியது.

நீதி: வேலி பயிரை மேய்ந்தால் விரட்டாதே, எந்தப் பயிர் எங்கே நின்றது என்று அதற்குத்தான் தெரியும். அது லீவில் போனால், நீ மேய்.