தேவநாதனுக்கு வராத முதுகுவலி

"வலி எங்க சார், கையை வச்சுக் காட்டுங்க" என்று மசாஜ்காரர் வனமாமலை கேட்டபோதுதான், இதைப் பற்றி யோசிக்காமலே வந்துவிட்டோம் என்பது தேவநாதனுக்கு உறைத்தது. குத்துமதிப்பாக இடுப்புக்கு மேலே ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினான்.

ஒரகடத்துக் கார் உதிரிபாகக் கம்பெனியின் அசெம்பிளி லைனில் எட்டு வருஷமாக நின்றபடியே நட்டு முறுக்குகிறவன் அவன். அவனுடைய சகலை கோபிநாத்துக்கோ ஏசியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. மாமனார் வீட்டில் அதைக் கேட்டுக் கேட்டு இவனுக்குக் காது புளித்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் ஒரு நாற்காலி காலியாகப் போவதாகச் செய்தி வந்தது. நேரடியாகக் கேட்டால் சந்தேகப்படுவார்களே. மகா புத்திசாலியான தேவநாதன் ஹெச்.ஆர். ரஞ்சனி மேடத்திடம், "முதுகு பின்னி எடுக்குது மேடம். லைன் வோணாம், வேற எதுனா வேலை குடுங்க" என்று மட்டும் சொன்னான். கம்பெனியின் மசாஜ் அறைக்கு நாலு நாள் போய்வாருங்கள், பிறகு மாற்றிவிடலாம் என்றார் அவர்.

முதல் நாள் ஸ்வீடிஷ் மசாஜ். எண்ணெய் தடவி நீளநீளமாக நீவினால் ரத்தம் நன்றாக ஓடும், அலுப்பு தீரும் என்று வனமாமலை விளக்கினார். சுகமோ சுகம். ஆனால் சுகம் என்று சொன்னால் மறுபடி நட்டு முறுக்க வேண்டுமே. வலி அப்படியே இருக்கிறது என்றான்.

மறுநாள் வனமாமலை எடுத்த எடுப்பில், "நேத்து என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்" என்றார். பள்ளிக்கூட வாத்தியாராக வேண்டியவர் போல என்று நினைத்துக்கொண்டு தேவநாதன் ஒப்பித்தான். அன்று டீப் டிஷ்யூ. தசைக்குள் இறுகிக் கிடக்கும் முடிச்சுகளை அது தளர்த்துமாம். அவர் முழங்கையை ஊன்றியதில் தேவநாதனின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அப்போதும் வலி போகவில்லை என்றான். இந்த முறை அது பாதி உண்மை.

மூன்றாம் நாள் தாய்லாந்து முறை. எண்ணெய் கிடையாது. பாயில் கிடத்தி, கையையும் காலையும் மடக்கி இழுத்தார். மூட்டு இறுக்கம் விட்டுப்போகுமாம். அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸில் தேவநாதனை இரண்டு பேர் ஏற்றிவிட்டார்கள்.

நாலாம் நாள் வனமாமலை உத்தரத்தில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"இது மிதி உழிச்சல், முதுகுல ஏறிக் காலால நீவுறது. உடம்பு மொத்தமும் இளகிப் போவும். எந்தக் காலை எங்க வைக்கேன்னு நல்லாக் கவனிச்சுக்கிடணும்."

கவிழ்ந்து கிடப்பவன் எதைக் கவனிப்பது? முதல் மிதியிலேயே நாற்காலி ஆசை பறந்துவிட்டது. மாமனார் வீட்டில் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும், உயிர் இருந்தால் போதும்.

"விட்டுடுங்க சார். சத்தியமா எனுக்கு வலியே கெடையாது. நான் லைனுக்கே போயிக்கிறேன்."

சத்தம் கேட்டு ரஞ்சனி மேடம் எட்டிப் பார்த்தார். இவன் லைனுக்கே போகிறேன் என்று கெஞ்சுவதைக் கேட்டு அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"வேற வேலை கேட்டீங்கன்னுதானே நாலு நாளா இவர்கிட்ட ட்ரெய்னிங் அனுப்பினேன்? நாளைலேர்ந்து இந்த ரூம்ல மசாஜ் பண்ணப்போறதே நீங்கதான்."