மேல் இடைநிலை வகுப்பில் என்னை ஏற்றிவிட்ட மச்சானுக்கு

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. என் இடது முழங்கால் நீங்கலாக இங்கே எல்லோரும் நலம். அங்கே நீயும் உன் வீட்டாரும் முழங்கால் உட்பட நலமாயிருக்க வேண்டும். போனில் நன்றி சொன்னால் "அட விடுங்க அத்தான்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

போன வருஷம் உன் அக்காவுக்கு மருந்தகத்தில் லீவு கிடைக்காமல் நான் மட்டும் வெளிநாட்டிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போய் மூன்று வாரம் தங்கியது உனக்குத் தெரியும். சம்பந்தி அம்மாவும் அங்கேதான் இருக்கிறார். அவருக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும், எனக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியாது. மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் சமையலறை மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து அரை மணி நேரம் ஏதோ சொன்னார். நான் மரியாதைக்குச் சிரித்துக்கொண்டே கேட்டேன். இரண்டு இடத்தில் "ஆஹா!" என்று வேறு சொன்னேன். சாயங்காலம் மகள் வந்து விசாரித்துவிட்டு, "என்னப்பா இப்படிப் பண்ணிட்டீங்க? அவங்க வீட்டுக்காரர் இறந்துபோன நாளைப் பத்திச் சொல்லியிருக்காங்க" என்றாள். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? மறுபடி அவரைப் பார்ப்பதற்குள் மன்னிப்புக் கேட்கும் அளவுக்காவது அந்த மொழியைப் படித்துவிடுவது என்று, ஊர் திரும்பியதும் பல்கலைக்கழகத்து மாலை வகுப்புக்கு மனுப் போட உட்கார்ந்தேன்.

அந்த மனுவோடு, நமக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்று பார்க்கும் தேர்வு ஒன்றும் கம்ப்யூட்டரிலேயே வரும் என்பது எனக்குத் தெரியாது. படிவம்தானே, நிரப்பிவிடு என்று அன்றைக்கு வந்திருந்த உன் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். எழுந்து வந்தால் நீ டிவியில் மேட்ச் பார்க்கிறாய், உன் அக்கா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டு கேட்கிறாள். "முடிஞ்சுதாடா?" என்றேன். "எல்லாம் முடிஞ்சுது அத்தான்" என்றாய். பத்தாம் நாள் கடிதம் வந்தது: மேல் இடைநிலை வகுப்பு. பதறிப்போய் அலுவலகத்துக்கு ஓடி ஆரம்ப வகுப்பில் போடச் சொன்னால், அங்கிருந்த எழுத்தர் எழுந்தே நின்றுவிட்டார். "அது உங்களுக்கு எதுக்கு சார்? தொண்ணூத்தோரு மார்க் வாங்கியிருக்கீங்க!" நீ கண்ணை மூடிக்கொண்டு தட்டியதில் இத்தனை சரியாக விழுந்திருக்கிறது என்றால் அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டாமா? முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் சோதனை செய்தவன் நான். தரைத்தளம், ஒன்று, இரண்டு எதிலும் காலே வைக்காத என்னை நேரே மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாய்.

முதல் நாள் வகுப்பில் நகர வாழ்க்கையைப் பற்றி வாக்குவாதம். எனக்குத் தெரிந்தது வணக்கமும் நன்றியும். இரண்டையும் மாறி மாறிச் சொன்னேன். வீட்டுக்கு வந்து பரணைக் குடைந்ததில் என் வேலைக் காலத்து லிஃப்ட் கையேடு ஒன்று அகப்பட்டது. அது படத்தோடு ஸ்பானிஷிலும் இருந்தது. அதை உருப்போட்டேன். விளைவு, எந்தத் தலைப்பு கொடுத்தாலும் என் கட்டுரை லிஃப்டில்தான் போய் நின்றது. நட்பைப் பற்றி எழுதச் சொன்னார்கள்: "கதவு மூடும்போது நண்பனுக்குள் கையை நீட்டாதே" என்று முடித்தேன். வேலையில்லாத் திண்டாட்டம்: "எட்டு பேருக்கு மேல் ஏறக் கூடாது." ஆசிரியை ஓரத்தில், "ஆழமான கருத்து. ஆனால் ஏன் எப்போதும் லிஃப்ட்?" என்று எழுதினார். பக்கத்து இருக்கைப் பெண், தலைமுடிக்கு ஊதா நிறம் அடித்தவள், "அங்கிள், நீங்க பேசினா ஒண்ணும் புரியல, ஆனா பத்திரமா இருக்கற மாதிரி இருக்கு" என்றாள். அவள்தான் தினமும் கேன்டீனில் உட்கார வைத்து என்னைப் பேச வைத்தவள். அவள் நன்றாயிருக்க வேண்டும்.

வாய்மொழித் தேர்வில் எனக்கு வந்த சீட்டு: "நீங்கள் செய்த ஒரு தவறு." எப்படித் திருப்பிப் பார்த்தும் அதில் லிஃப்டுக்கு வழியில்லை. சமையலறை மேசையையும் என் சிரிப்பையும் சொன்னேன். தப்பும் தவறுமாகத்தான். ஆசிரியை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நூலிழையில் தேறிவிட்டேன்.

போன மாதம் மறுபடி மகள் வீட்டுக்குப் போனேன். அதே மேசையில் உட்கார்ந்து, ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பை ஸ்பானிஷில் கேட்டேன். சம்பந்தி அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "உங்களுக்குப் புரியாதுன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். புரியறவங்க எல்லாரும் பாதியிலயே அழுதுடறாங்க. அப்புறம் அவங்களை நான் சமாதானப்படுத்த வேண்டியதாப் போயிடுது. நீங்க ஒருத்தர்தான் கடைசிவரைக்கும் கேட்டீங்க" என்றார். பிறகு முழுவதையும் மறுபடி சொன்னார். மனைவியின் முகத்தைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்று அவர் கணவர் மூக்குக்கண்ணாடியைக் கேட்ட இடம் வந்தபோதுதான், நான் "ஆஹா" சொன்ன இடங்களில் அது ஒன்று என்று தெரிந்தது. மச்சான், பாதியிலேயே அழுதுவிட்டேன். அவர் சொன்னபடியே என்னைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

நீ தட்டாமல் இருந்திருந்தால் எனக்கு இது கிடைத்திருக்காது. உன் கை வைத்ததெல்லாம் விளங்கட்டும். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் நன்றி மறவாத,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் உன் அக்கா இதை வாங்கிப் படித்தாள். "அவனா? பேர் எழுதற கட்டத்தைத் தாண்டினதும், 'அக்கா, இது ஏதோ கேள்வியெல்லாம் கேக்குது'ன்னு எங்கிட்ட குடுத்துட்டு மேட்ச் பாக்கப் போயிட்டான். எழுதினது நான்" என்றாள். ஹெட்போனில் ஓடியது பாட்டு இல்லையாம், தேர்வில் காதால் கேட்டுப் பதில் சொல்லும் கேள்விகளாம். நாலு வருஷமாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் சம்பந்தி அம்மாவோடு போனில் பேசிப் பேசியே படித்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்றால், "நீங்க என்னிக்குக் கேட்டீங்க? ஆரம்ப வகுப்புல விட்டா நாலு பழத்தோட பேரைப் படிச்சிட்டு எல்லாம் தெரியும்னு திரும்பி வந்துடுவீங்க. அதான்" என்கிறாள். ஆகவே மேலே கண்ட நன்றி எதுவும் உன்னுடையது அல்ல. இத்தனை நாள் போனில் "அட விடுங்க அத்தான்" என்று வாங்கிக்கொண்டதையும் சேர்த்து உன் அக்காவுக்கு அனுப்பிவிடு. சம்பந்தி அம்மா மறுபடி சொன்னதை எழுதிய பத்தியை மட்டும் அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாலு வருஷத்துல அந்த நாளைப் பத்தி எங்கிட்ட அவங்க ஒரு வார்த்தை சொன்னதில்ல. எனக்குப் புரிஞ்சிடும்னுதானே?" என்றாள். இதை அவள் ஸ்பானிஷில் சொன்னாள். எனக்கு முழுவதும் புரிந்தது.