கேமரா பார்க்கப் போன இடத்தில் ஓர் அக்கா

இன்னும் கடைக்கே வராத ஒரு கேமராவோடு நான்கு மாதம் குடித்தனம் நடத்தியவன் நான். வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். குடியிருந்தது ஜார்ஜ் டவுனில், குவீன் ஸ்திரீட் துணிக்கடை ஒன்றுக்கு மேலே ஒற்றை அறை. வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் தாண்டி வந்துவிட்டால், மறுநாள் காலைவரை என்னோடு பேச ஆள் கிடையாது. (ஒரு பல்லி இருந்தது. அதுவும் என்னைக் கண்டால் டியூப் லைட்டுக்குப் பின்னால் போய்விடும்.)

அந்தச் சமயத்தில்தான் இணையத்தில் கேமராச் செய்தி கசிந்தது. சட்டைப் பைக்குள் அடங்குமாம். படம் மட்டும் பெரிய கேமரா மாதிரி வருமாம். விலை என் இரண்டு மாதச் சம்பளம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி நிறை, குறை என்று கோடு போட்டேன். மழை தாங்குமா, பேட்டரி நிற்குமா, இருட்டில் முகம் தெரியுமா என்று முன்பின் தெரியாதவர்களோடு இணையத்தில் சண்டை போட்டேன். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்.

நிபோங் திபாலில் இருக்கும் என் தங்கச்சி போனில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "எல்லாம் சரிண்ணே. அதுல யாரப் படம் எடுக்கப் போற?" என்றாள்.

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

கேமரா வெளிவருவதற்கு முன் ஒரு சனிக்கிழமை, பதிந்துகொண்டவர்கள் தொட்டுப் பார்க்கலாம் என்று பக்கத்துத் தெருக் கடையில் அறிவித்தார்கள். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, நோட்டோடு போனேன். மற்றவர்கள் எல்லாம் ஜோடி ஜோடியாக வந்திருந்தார்கள். ஒருவர் பிடித்தார், ஒருவர் சிரித்தார். கடையில் இருந்த சீனப் பெண் என்னிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினாள். (நான்கு மாதம் பேட்டரி மூடியைப் பற்றிய வதந்திவரை படித்தவன், அந்தத் தாளை மட்டும் படிக்கவில்லை.)

"ஆளை எடுத்துப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். தனியாகவா வந்தீர்கள்?" என்று மலாயில் கேட்டாள்.

"இல்லை, என் அக்கா வெளியே இருக்காங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நல்லது, நானும் வருகிறேன். கேமராவைத் தனியாக வெளியே விடக் கூடாது."

எனக்கு அக்காவே கிடையாது. கால் போன போக்கில் நடந்தேன். குவீன் ஸ்திரீட் மூலையில் பூக்கட்டும் அக்கா ஒருவர் இருந்தார். தினமும் அவரைக் கடந்துதான் போவேன். ஒரு முழம்கூட வாங்கியதில்லை. (யாருக்கு வாங்க?)

குனிந்து, "அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் எனக்கு அக்காவா இருங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். நாரைக் கீழே வைத்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி மலாயில் ஆரம்பித்தார். "இவன் என் தம்பிதான். வீட்டுப் பக்கமே வர்றதில்ல. மேல ரூம்ல தனியாக் கெடக்கிறான். தெனமும் ஒரே ஒரு பொட்டலச் சோறோட ஏறிப் போறான். எப்படி எளைச்சுட்டான் பாரு."

அந்தப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். தம்பி என்பதைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. என்னை அவர் தினமும் கவனித்திருக்கிறார் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

அதோடு விட்டாரா? கணவரைக் கூப்பிட்டார். டியூஷன் விட்டு வந்த மகளைக் கூப்பிட்டார். நகைக்கடைக் காவலாளிகூட மீசையைத் தடவிக்கொண்டு வந்து நின்றார். நாற்பது படங்களாவது எடுத்திருப்பேன். ஒவ்வொன்றும் திரையில் வந்து மின்னியது.

"படம் எப்ப லா கெடைக்கும்?"

"நாளைக்கே, அக்கா."

கடைக்குத் திரும்பி, படங்களைக் கேட்டேன். "இதில் மெமரி கார்டு போட அனுமதி இல்லை. தாளில் எழுதியிருந்ததே" என்றாள் அந்தப் பெண்.

"அப்ப எடுத்த படம்?"

"திரையில் பார்த்தீர்களே, அவ்வளவுதான்."

ஒன்பது நாள் பின்சந்து வழியாக, சாக்கடையைத் தாண்டி அறைக்குப் போனேன். பத்தாம் நாள் மோட்டாரை நிறுத்தும்போது மாடிப்படியில் அக்கா உட்கார்ந்திருந்தார்.

"என்ன தம்பி, படத்துல நான் நல்லா இல்லியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டுப் புத்தகம், தங்கச்சி கேட்ட கேள்வி, படிக்காத தாள்.

"அப்ப அத்தன பேரும் சும்மாவா சிரிச்சோம்?"

"ஆமாக்கா."

அக்கா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா. போன்லயே எடுத்துக்க. சோறு அங்கயே சாப்பிடு" என்றார்.

கேமரா வெளிவந்தது. மழையையும் தாங்கியதாம். நான் வாங்கவில்லை. இன்னும் அதே அறையில்தான் இருக்கிறேன், தனியாகத்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடையாது.

போன மாதம் அக்கா மகளின் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டு அம்மாள் என்னைக் காட்டி, "இவரு ஒங்க கூடப் பொறந்த தம்பியா?" என்று விசாரித்தார். வெற்றிலைத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே அக்கா சொன்னார்:

"அஞ்சு நிமிஷம் அக்காவா இருங்கன்னு கேட்டு வந்தான். ஆறு வருஷமாச்சு. இன்னும் எந்திரிச்சுப் போவல."